பல்லாரி இரும்புத் தாது வழக்கு: மலைக்கு வர வேண்டிய பணம்

சுவாமிமலை என்றால் நமக்குக் கும்பகோணத்துப் பக்கத்து ஊர்தான் நினைவுக்கு வரும். கர்நாடகத்தில், பல்லாரி மாவட்டத்துச் சண்டூரிலும் ஒரு சுவாமிமலை இருக்கிறது. அங்கேயும் முருகன்தான். குமாரசுவாமி என்று பெயர், பல நூற்றாண்டு பழைய கோயில். கோயிலைச் சுற்றிக் காடு, காட்டுக்கு அடியில் இரும்புத் தாது. மழை பெய்து முடிந்த மாதங்களில் அந்த மலைகள் பச்சைப் பசேல் என்று நிற்கும். வெட்டிய இடம் மட்டும் உலர்ந்த ரத்தத்தின் நிறத்தில், படிப்படியாக, கீழே வரை தெரியும்.

இந்த மலைகளில் 2011-ல் ஒரு நாள் எல்லாச் சுரங்கங்களையும் நிறுத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். அன்று முதல் யார் எவ்வளவு வெட்டலாம், யாருக்கு எப்படி விற்கலாம், கிடைக்கும் பணம் எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்கின்றன. ஒரு தொழிலைப் பத்தாண்டுக்கும் மேல் நீதிமன்றம் இப்படி நேரடியாகக் கையில் வைத்திருந்த வழக்குகள் நம் நாட்டில் அதிகம் இல்லை. அதனால்தான் இதை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நிறுத்துவதிலும் அளப்பதிலும் நீதிமன்றம் செய்தது பெரிய வேலை. மலையையும் ஊரையும் மீட்கும் வேலைதான் பின்தங்கிவிட்டது. அது ஏன் என்பதுதான் என் கேள்வி.

முதலில் பின்னணி. 2000-க்குப் பிறகு சீனா எஃகு ஆலைகளைக் கட்டித் தள்ளியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நெருங்க நெருங்க, அதுவரை யாரும் சீந்தாத தாதுத் தூள் கூடத் தங்கமாயிற்று. இங்கே அரசுக்குக் கிடைத்த உரிமைத் தொகையோ, உயர்ந்த தரத் தாதுவுக்கே டன்னுக்கு 27 ரூபாய் அளவில்தான் இருந்தது. 2009 ஆகஸ்டில்தான் விலையில் 10 சதவீதம் என்று மாற்றினார்கள். அரசுக்குச் சில பத்து ரூபாய், வெட்டி ஏற்றியவருக்குச் சில ஆயிரம். இந்த இடைவெளிக்குள்தான் பல்லாரியின் கதை முழுவதும் நடந்தது.

திருட்டு எப்படி நடந்தது என்று கேட்டால் பெரிய தந்திரம் எதுவும் இல்லை. ஒருவருக்குக் குத்தகையில் கிடைத்தது இத்தனை ஹெக்டேர் என்று ஒரு வரைபடம் இருக்கும். எல்லைக் கல்லைத் தாண்டிப் பக்கத்துக் காட்டில் வெட்டலாம். கழிவு மண்ணைத் தன் இடத்தில் கொட்டாமல் காட்டுச் சரிவில் கொட்டலாம். அப்புறம் பர்மிட். ஒரு லாரி நடைக்கு ஒரு பர்மிட் என்பது விதி. ஒரே பர்மிட்டை வைத்துப் பல நடை ஓட்டலாம், அல்லது பர்மிட்டில் எழுதிய எடைக்கு மேல் ஏற்றலாம். இதையெல்லாம் பார்க்க வேண்டிய எடைமேடையும் சோதனைச் சாவடியும் கண்ணை மூடிக்கொண்டால் போதும். மாநிலத்தின் ஊழல் விசாரணை அமைப்பான லோகாயுக்தாவின் அறிக்கை இவை ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு எடுத்துக் காட்டியது. ஆந்திர எல்லையில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மாநில எல்லைக் குறிகளே கலைந்தன. எல்லையில் இருந்த பழைய சுக்லம்மா தேவி கோயில் 2006-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. எல்லை எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு இருந்த அடையாளங்களில் அதுவும் ஒன்று.

லோகாயுக்தா நீதிபதி சந்தோஷ் ஹெக்டே முதல் அறிக்கையை 2008 டிசம்பரில் கொடுத்தார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 2009-ல் தார்வாடைச் சேர்ந்த சமாஜ பரிவர்த்தன சமுதாயா என்ற அமைப்பு, எஸ்.ஆர்.ஹிரேமத் முன்னின்று, உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு போட்டது. 562/2009 என்ற எண் கொண்ட அந்த மனுதான் இன்றைக்கும் இந்த விவகாரத்தின் முதுகெலும்பு.

இதற்கு நடுவில் பெலிகேரி. கார்வார் பக்கத்துச் சின்னத் துறைமுகம். அங்கே 2010 மார்ச்சில் ஏறக்குறைய 8 லட்சம் டன் தாதுவைக் கணக்கில் வராதது என்று வனத்துறை முடக்கி வைத்தது. ஜூன் மாதத்துக்குள் அதில் சுமார் 5 லட்சம் டன் கப்பலேறிப் போய்விட்டது. முடக்கிய சரக்கு, அரசின் பொறுப்பில் இருந்த சரக்கு! ஒரு லாரிக்குப் பதினைந்து டன் என்று வைத்தாலும் முப்பதாயிரம் லாரிச் சுமைக்கு மேல். யார் கண்ணிலும் படாமல் நகர்கிற பொருளா அது? மனம் வெறுத்து ஹெக்டே அந்த ஜூனில் பதவி விலகல் கடிதம் கொடுத்தார், பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டார். திரும்பி வந்து அவர் முடித்த இரண்டாவது அறிக்கை 2011 ஜூலை 27-ல் வந்தது. வன அதிகாரி யு.வி.சிங் தலைமையிலான குழு வங்கிக் கணக்கு, கப்பல் ரசீது, பர்மிட் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எழுதிய அறிக்கை அது. 2006 முதல் 2010 வரை அரசுக்கு இழப்பு 16,085 கோடி ரூபாய் என்றது. நான்கு நாளில் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார்.

அரசியல் பரபரப்பில் பலரும் கவனிக்காமல் விட்டது அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூலை 29-ல் வந்த உத்தரவு. தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா தலைமையிலான அமர்வு, பல்லாரியில் சுரங்க வேலை முழுவதையும் நிறுத்தச் சொன்னது. ஆகஸ்ட் 26-ல் சித்ரதுர்கா, தும்கூர் மாவட்டங்களுக்கும் தடை நீண்டது. எஃகு ஆலைகள் அடியோடு நின்றுவிடாமலிருக்கப் பொதுத்துறை நிறுவனமான என்.எம்.டி.சி.க்கு மட்டும் மாதம் 10 லட்சம் டன் வரை அனுமதி. ஏற்கெனவே வெட்டிக் குவித்திருந்த சுமார் 2.5 கோடி டன் தாதுவைக் கண்காணிப்புக் குழு மின் ஏலத்தில் விற்கும், பணம் நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும் என்று ஏற்பாடு.

இதற்குப் பிறகு நடந்த அளவை வேலைதான் இந்த வழக்கின் மிகச் சிறந்த பகுதி என்பேன். வழக்கமாக என்ன நடக்கும்? ஒரு தரப்பு ‘அத்துமீறல்’ என்னும், இன்னொரு தரப்பு ‘இல்லை’ என்னும், இருபது வருடம் ஓடிவிடும். இங்கே 2011 மே மாதமே நீதிமன்றம் ஒரு கூட்டுக் குழுவை அமைத்திருந்தது. வனத்துறை, கனிமத்துறை, வருவாய்த்துறை எல்லாரும் ஒன்றாக, ஒரே நேரத்தில், ஒரே மலையில். பழைய குத்தகை வரைபடங்களில் பலவற்றில் தொடக்கப் புள்ளியே சரியாக இல்லை. ‘பெரிய பாறையிலிருந்து’ என்று எழுதியிருந்தால் அந்தப் பாறையை எப்போதோ வெடி வைத்து ஏற்றுமதி செய்திருப்பார்கள். ஆகவே ஒரு குத்தகையைத் தனியாக அளக்காமல், பக்கத்துப் பக்கத்துக் குத்தகைகளைச் சேர்த்து, கிராம வரைபடத்தையும் செயற்கைக்கோள் படத்தையும் வைத்து, டோட்டல் ஸ்டேஷன், ஜி.பி.எஸ். கருவிகளோடு அளந்தார்கள்.

மொத்தம் 166 குத்தகைகள். 2012 பிப்ரவரி 3 அறிக்கையில் மத்திய அதிகாரக் குழு (காடு சார்ந்த வழக்குகளுக்காக 2002-ல் உச்ச நீதிமன்றம் ஏற்படுத்திய குழு) இவற்றை மூன்றாகப் பிரித்தது. அத்துமீறல் இல்லாதவை அல்லது மிகச் சொற்பமானவை ‘ஏ’ பிரிவு, 45. எல்லைக்கு வெளியே வெட்டிய குழி குத்தகைப் பரப்பில் 10 சதவீதம் வரையோ, கழிவுக் குவியல் 15 சதவீதம் வரையோ இருந்தால் ‘பி’, 72. அதற்கும் மேலே போனவையும், வனச் சட்டத்தை அப்பட்டமாக மீறியவையும் ‘சி’, 49. ஆந்திர எல்லையில் இருந்த ஏழு ‘பி’ குத்தகைகளின் தலைவிதி, மாநில எல்லை தெளிவாகும்வரை தொங்கலில் விடப்பட்டது.

ஈட்டுத் தொகைக்கும் ஹெக்டேர்க் கணக்கு வைத்தார்கள். எல்லைக்கு வெளியே குழி வெட்டியிருந்தால் ஹெக்டேருக்கு 5 கோடி ரூபாய். கழிவு கொட்டியிருந்தாலோ சாலை, அலுவலகம் போட்டிருந்தாலோ ஹெக்டேருக்கு 1 கோடி. இரண்டு ஹெக்டேர் குழி, மூன்று ஹெக்டேர் கழிவு என்றால் 13 கோடி. கட்டிவிட்டுத்தான் சுரங்கத்தைத் திறக்கலாம். கொள்ளை லாபம் பார்த்தவர்களுக்கு 5 கோடி பெரிய தொகையா என்று கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனாலும் அத்துமீறிய ஒவ்வொரு ஹெக்டேருக்கும் ஒரு விலை உண்டு, அதை அளக்க ஒரு கருவி உண்டு என்று ஆனது பல்லாரியில் அதுவரை இல்லாத விஷயம்.

பணம் கட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு குத்தகைக்கும் தனித்தனியாக ஒரு சீரமைப்புத் திட்டம் வேண்டும், அதை இந்திய வன ஆராய்ச்சி, கல்விக் குழு தயாரிக்கும் என்றது நீதிமன்றம். இந்தத் திட்டங்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கழிவுக் குவியலின் அடியில் கல்லால் தாங்கு சுவர், சரிவில் மண் அரிக்காமலிருக்கத் தேங்காய் நார்ப் பாய் விரித்து விதை போடுவது, ஓடையில் குறுக்கே சிறு சிறு கல்தடுப்பு, அதற்குக் கீழே தடுப்பணை, செம்மண் கலங்கிய நீர் தெளிந்த பிறகே வெளியே போக வண்டல் குட்டை. ஒரு மலைச் சரிவில் மழைநீர் ஓடும் பாதையை நினைத்துப் பார்த்து எழுதிய திட்டம் என்பது படிக்கும்போதே தெரியும்.

உற்பத்தி வரம்பு போட்ட விதமும் அப்படித்தான். ஒரு சுரங்கம் ஆண்டுக்கு எவ்வளவு வெட்டலாம்? மூன்று கணக்குப் போட்டார்கள். பூமியில் இருக்கும் தாதுவை வைத்து ஒன்று, கழிவு கொட்ட இருக்கும் இடத்தை வைத்து ஒன்று, அங்கிருந்து போகும் சாலை தாங்கும் பாரத்தை வைத்து ஒன்று. மூன்றில் எது குறைவோ அதுதான் வரம்பு. தாது கோடி டன் இருக்கலாம், ஆனால் லாரி போகும் மண் சாலை அந்த ஊரின் பள்ளிக்கூடத்தை ஒட்டிப் போனால் அந்தச் சாலைதான் முடிவு செய்யும். எல்லாச் சுரங்கத்துக்கும் சேர்த்து மொத்த வரம்பு பல்லாரிக்கு 2.5 கோடி டன், சித்ரதுர்கா, தும்கூர் இரண்டுக்கும் சேர்த்து 50 லட்சம் டன், ஆக ஆண்டுக்கு 3 கோடி டன்.

இறுதித் தீர்ப்பு 2013 ஏப்ரல் 18-ல் வந்தது. அஃப்தாப் ஆலம், கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ரஞ்சன் கோகோய் அமர்வு, எழுதியவர் கோகோய். சுரங்க முதலாளிகளின் வாதம் லேசானதல்ல. குத்தகையை ரத்து செய்யக் கனிமச் சட்டத்தில் முறை இருக்கிறது, நோட்டீஸ் கொடுக்க வேண்டும், விசாரிக்க வேண்டும், அதைத் தாண்டி ஒரு குழுவின் அறிக்கையை வைத்து நீதிமன்றமே எப்படி ரத்து செய்யலாம் என்றார்கள். சேதத்தின் அளவைப் பார்த்தால் வழக்கமான சட்ட வழி இங்கே தோற்றுப் போய்விட்டது, அரசமைப்பின் 32, 142 பிரிவுகளின் கீழ் இந்த நீதிமன்றத்துக்கு இருக்கும் அதிகாரத்தைச் சாதாரணச் சட்டம் கட்டிப்போடாது, அடுத்த தலைமுறையின் பங்கையும் பார்த்தாக வேண்டும் என்ற போக்கில் பதில் சொன்னது அமர்வு. ‘சி’ பிரிவுக் குத்தகைகள் ரத்து. அவற்றை எஃகு, இரும்பு தயாரிப்பவர்களுக்கு வெளிப்படையான ஏலத்தில் கொடுக்க வேண்டும். பிறகு நடந்த ஏலத்தில் தோரணகல்லில் பெரிய ஆலை வைத்திருக்கும் ஜே.எஸ்.டபிள்யூ. 2016-ல் ஐந்து சுரங்கங்களை எடுத்தது.

சட்டம் படித்தவர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பில் சங்கடம் இருக்கும். எனக்கும் கொஞ்சம் உண்டு. இதே அதிகாரம் நாளை வேறு விதமாகப் பயன்படாது என்று யார் உத்தரவாதம் தருவது? ஆனால் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய அதிகாரிகளே லாரியைக் கண்டும் காணாமல் விட்ட மாவட்டத்தில் வேறு வழி என்ன இருந்தது என்றும் தோன்றுகிறது.

தடையின் அடி எளியவர் தலையில்தான் முதலில் விழுந்தது. கடன் வாங்கி லாரி வாங்கியவர்கள், டிரைவர், கிளீனர், சாலையோரச் சாப்பாட்டுக் கடை, பஞ்சர் கடை, தாது பொறுக்கிய பெண்கள். இவர்கள் எந்த எல்லைக் கல்லையும் நகர்த்தவில்லை. நம் பக்கமும் அதன் அலை வந்தது. பல்லாரித் தாதுவுக்காகவே எண்ணூரில் ஆண்டுக்கு 60 லட்சம் டன் கையாளக் கட்டிய முனையம், ஏற்றுமதி நின்றதால் வேலையின்றிக் கிடந்து கடைசியில் நிலக்கரிக்கு மாறியது. சென்னைத் துறைமுகத்தில் தாதுத் தூசியும் நிலக்கரித் தூசியும் வடசென்னை வீடுகளுக்குள் வருகிறது என்ற வழக்கில் இரண்டையும் அங்கே கையாளக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதே 2011-ல்தான்.

சரி, இப்போது பணத்துக்கு வருவோம்.

ஈட்டுத் தொகை, ‘சி’ பிரிவின் விற்பனைப் பணம், மற்ற சுரங்கங்களின் விற்பனையில் பிடித்த பங்கு எல்லாம் ஒரே இடத்தில் சேர வேண்டும், அதைச் சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிக்கு மட்டும் செலவழிக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் திட்டம். அதற்காக 2014-ல் கர்நாடகச் சுரங்கச் சுற்றுச்சூழல் மீட்பு நிறுவனம் என்று அரசு ஒரு தனி நிறுவனத்தை ஏற்படுத்தியது. திட்டமும் தீட்டியது, குடிநீர், மருத்துவம், வீடு, பள்ளி, சாலை, ரயில் பாதை, காடு, நீர்நிலை என்று. எதற்கு எவ்வளவு, சாலைக்கும் கட்டடத்துக்கும் இத்தனை பணமா, ஊர் மக்களைக் கேட்டீர்களா என்று மனுதாரர் தரப்பு ஆட்சேபித்தது. திட்டம் திருத்தப்பட்டது, மீண்டும் நீதிமன்றம் போனது. கடைசியில் ஏறக்குறைய 25,000 கோடி ரூபாய் அளவில் நின்ற திட்டத்துக்கு 2022 ஏப்ரல் 21-ல்தான் வழி பிறந்தது. செலவை மேற்பார்க்க ஓய்வுபெற்ற நீதிபதி பி.சுதர்சன் ரெட்டியை நீதிமன்றம் நியமித்தது (2025-ல் குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்றாரே, அவர்தான்).

2011-ல் சுரங்கம் நின்றது, 2022-ல் மீட்புப் பணத்துக்குக் கதவு திறந்தது. இடையில் பதினோரு வருடம். தடை வந்த ஆண்டில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த சண்டூர்க் குழந்தை, அந்தப் பணத்தில் ஒரு ரூபாய் தன் ஊருக்கு வரும் முன்பே பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதுக்கு வந்திருக்கும். அதுவரை ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கணக்கில் வட்டியோடு வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் பணத்தை அவசரத்தில் கொடுத்திருந்தால் கான்ட்ராக்டர்கள் பிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பயம் நிஜம்தான். ஆனால் ஓடை தூர்வாருவதற்கும், தூசி படியும் ஊர்களுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் கொடுப்பதற்கும் இருபத்தைந்தாயிரம் கோடித் திட்டம் முழுதாக முடிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதை மட்டும் தனியாகப் பிரித்து முன்னால் அனுமதித்திருக்கலாம்.

எனக்கு இதைவிட உறுத்துவது இன்னொன்று. மீட்புத் திட்டம் நகராத அதே ஆண்டுகளில் வரம்பு மட்டும் நகர்ந்தது. 2017 டிசம்பரில் 3 கோடி டன் என்பது 3.5 கோடி ஆயிற்று. 2022 மே 20-ல் கட்டாய மின் ஏலம் போய், நேரடியாக விற்கலாம், ஏற்றுமதியும் செய்யலாம் என்றானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 26-ல் பல்லாரிக்கு 3.5 கோடி, மற்ற இரு மாவட்டங்களுக்கும் சேர்த்து 1.5 கோடி, ஆக 5 கோடி டன். நிலைமை 2011-ல் இருந்தது போல் இல்லை, கண்காணிப்பு இருக்கிறது, மற்ற மாநிலங்களோடு சம நிலை வேண்டும் என்பன சொல்லப்பட்ட காரணங்கள். கண்காணிப்பு உண்மையிலேயே மேம்பட்டிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மலை எவ்வளவு தேறியிருக்கிறது என்ற கணக்கு அந்த உயர்வுக்கு முன் நிபந்தனையாக வந்திருக்க வேண்டும். குத்தகை வாரியாக மூன்று அளவுகோல் வைத்து, குறைந்ததை எடுத்த அதே கறார் இங்கே இல்லாமல் போயிற்று.

கோவாவில் 2014 ஏப்ரலில் வந்த தீர்ப்பு ஆண்டுக்கு 2 கோடி டன் என்ற இடைக்கால வரம்பும், விற்பனையில் 10 சதவீதம் எதிர்காலத் தலைமுறைக்கான நிரந்தர நிதியும் வைத்தது. கர்நாடகத்திலேயே குதிரைமுகம் இரும்புச் சுரங்கத்தில் கதை வேறு. தேசியப் பூங்காவுக்குள் இருந்ததால் 2005 கடைசியோடு மூடச் சொல்லி 2002-லேயே உத்தரவு, மூடியும் விட்டார்கள். பல்லாரியில் மூடுவது பேச்சில் இல்லை. வெட்டிக்கொண்டே மீட்பது என்பதுதான் இங்கே எடுத்த வழி, அதனால் இங்கே மீட்பை அளக்காமல் விடுவது கூடுதல் ஆபத்து.

குற்ற வழக்குகளும் மெல்லவே நகர்ந்தன. 2011 செப்டம்பரில் சி.பி.ஐ. கைது செய்த சுரங்க அதிபரும் முன்னாள் அமைச்சருமான காலி ஜனார்த்தன ரெட்டிக்கு, ஓபுளாபுரம் சுரங்க வழக்கில் ஹைதராபாத் சி.பி.ஐ. நீதிமன்றம் 2025 மே மாதம் ஏழாண்டுத் தண்டனை விதித்தது. அடுத்த மாதமே தெலங்கானா உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்தி வைத்தது. பெலிகேரி வழக்கில் கார்வார் எம்.எல்.ஏ. சதீஷ் சைலுக்கு 2024 அக்டோபரில் தண்டனை, அதுவும் மேல்முறையீட்டில் நிறுத்தி வைக்கப்பட்டது.

இதற்கிடையே குதிரைமுகத்தில் சுரங்கம் நடத்தி மூடிய அதே பொதுத்துறை நிறுவனம், சண்டூர் சுவாமிமலைக் காட்டில் தேவதாரியில் 401 ஹெக்டேரில் புதிய சுரங்கம் கேட்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் மரங்கள் போகும். 2024-ல் மத்திய அரசு பச்சைக் கொடி காட்ட, மாநில வனத்துறை குதிரைமுகத்துப் பழைய பாக்கியைச் சுட்டிக்காட்டி நிலத்தைக் கொடுக்க மறுத்தது. அது வெட்டாத காடு. பக்கத்து மலைகளில் வெட்டிய காட்டுக்கான மீட்புப் பணியே இப்போதுதான் தொடங்கியிருக்கும்போது அதில் கை வைக்க என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை.

2011-ல் அந்தக் கூட்டுக் குழு 166 குத்தகைகளையும் அளந்தபோது ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு எண் கிடைத்தது. அந்த எண்கள் நீதிமன்றக் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன. அதே கருவியோடு அதே புள்ளிகளுக்கு மறுபடி போக வேண்டும். எந்தக் குவியலில் புல் பிடித்திருக்கிறது, எந்தத் தடுப்பணை வண்டலால் நிரம்பிவிட்டது, நாரிஹள்ளா நீர்த்தேக்கத்துக்கு வரும் ஓடைகளில் தண்ணீர் என்ன நிறத்தில் வருகிறது என்று குத்தகை வாரியாக எழுதி, கன்னடத்தில் ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். அடுத்த முறை வரம்பை உயர்த்தச் சொல்லி யாராவது நீதிமன்றத்துக்கு வந்தால், முதலில் அந்தத் தாளைக் கேட்க வேண்டும்.